பெட்டி மாறிய வசவு

ஆருஷா நகரக் காவல் நிலையத்தில், ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை பிற்பகலில், எதிரி யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தானே சொல்ல, சார்ஜென்ட் தெக்லா மசுங்கா கைப்பட எழுதிய வாக்குமூலம்.

என் பெயர் எலியாமினி செங்கோண்டோ. வயது ஐம்பத்து இரண்டு. தகப்பனார் பெயர் கல்லாகே செங்கோண்டோ, காலமாகிவிட்டார். பூர்வீகம் பரே மலை. நான் ஆருஷா நகரம் சகினா பகுதியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் மனைவி மக்களுடன் குடியிருந்து வருகிறேன். சஃபாரி நிறுவனம் ஒன்றில் வண்டி ஓட்டி, வெளிநாட்டு விருந்தாளிகளைப் பூங்காவுக்குள் கூட்டிப் போய் மிருகங்களைக் காட்டுவது என் தொழில். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. நான் மற்றவர்கள் மேல் போட்ட வழக்குகள் உண்டு. அவற்றை இங்கே எழுத இடமில்லை என்று அஃபாண்டே தெக்லா சொல்லிவிட்டார். போலீஸ் அதிகாரிகளை நாங்கள் அஃபாண்டே என்றுதான் அழைப்போம்.

சம்பவத்துக்குப் போகுமுன் இறந்துபோன அலோய்ஸ் கிமாரோவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்கமாகச் சொல் என்கிறார் அஃபாண்டே. சுருக்கமாகவே சொல்கிறேன். கிமாரோவும் நானும் ஒரே நிறுவனத்தில் இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டினோம். அவன் கிளிமஞ்சாரோ அடிவாரத்துக் கிபோஷோக்காரன், சக்கா இனம். நான் பரே. பரேக்காரர்களுக்கும் சக்காக்காரர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலிமுறை உண்டு. உத்தானி என்போம். அஃபாண்டேவுக்கு இது தெரியும். கோர்ட்டில் இதைப் படிக்கப் போகிறவர் எந்த ஊர்க்காரரோ என்பதால் சொல்லி வைக்கிறேன். கேலிமுறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம், தட்டில் இருப்பதை எடுத்துத் தின்னலாம். கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன்தான் குற்றவாளி. சாவு வீட்டில் இது உரிமை மட்டும் இல்லை, கடமை. செத்தவனுடைய கேலிமுறைக்காரன் பெட்டியை வழி மறித்து, வாய்க்கு வந்தபடி வைது, செத்தவனுடைய பொருள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டார் கெஞ்சிய பிறகுதான் வழி விட வேண்டும். அழுவதற்கு ஊரே வரும். அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அந்த ஆள் நாங்கள்.

கிமாரோ என்னைக் கருமி என்பான். கோழிக்காக வழக்குப் போட்டு, வக்கீலுக்காக மாட்டை விற்ற வம்சம் என்பான். நான் அவனைக் காசுப் பிசாசு என்பேன். செத்த பிறகும் காசு விழுகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிற ஜாதி என்பேன். எங்களுக்குள் இது காலை வணக்கம். ஒரு நாள் அவன் திட்டாமல் போனால் உடம்பு சரியில்லையோ என்று நான் பின்னாலேயே போய் விசாரிப்பேன்.

பூங்காவுக்குள் சிங்கத்தைக் கண்ட டிரைவர் மற்ற டிரைவர்களுக்கு வண்டி ரேடியோவில் சொல்வது எங்கள் தொழிலின் தர்மம். கிமாரோவும் எனக்குச் சொல்வான். "மச்சான், ஆத்தோரம் பெரிய அத்தி மரம், ஆண் சிங்கம், பிடரியெல்லாம் கருகருன்னு இருக்கு, சீக்கிரம் வாடா" என்பான். நான் விருந்தாளிகளைக் குலுக்கிக்கொண்டு புழுதி பறக்க ஓடுவேன். அங்கே சிங்கம் இருக்காது. கிமாரோ மட்டும் தன் வண்டிக் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று, கோழிக்காலைக் கடித்தபடி எனக்குக் கையாட்டுவான். ஒவ்வொரு முறையும் நான் நம்பிப் போனேன். ஏன் போனாய் என்று அஃபாண்டே கேட்கிறார். நிஜமாகவே சிங்கம் இருந்துவிட்டால் என்ன செய்வது?

என் தகப்பனார் இறந்தபோது கிமாரோ பரே மலைக்கு வந்தான். பெட்டியை இறக்கப் போகிற சமயத்தில் குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்துக்கொண்டான். "இடம் நல்லாக் குளுகுளுன்னு இருக்கு, இந்தக் கருமிக்கு எதுக்கு இவ்வளவு இடம், பாதியை எனக்கு வாடகைக்கு விடுங்க" என்றான். தகப்பனாரின் கைத்தடியைக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தான். மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த என் தாயார் அன்று சிரித்தார். சிரித்துவிட்டுக் கஞ்சி கேட்டார். அதை நான் மறக்கவில்லை.

போன மாதம் கிமாரோவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தான். "மச்சான், எங்காளுங்க ரொம்ப அழுவாங்கடா. கரோலியோட அம்மா தாங்க மாட்டா. நீ வந்து வழி மறிச்சு நல்லாத் திட்டணும். நீ திட்டாம என்னைக் குழியில இறக்குனாங்கன்னா, எந்திரிச்சு வந்து உன் வண்டி முன் சீட்டுல உக்காந்துக்குவேன், பாத்துக்கோ" என்றான். கரோலியின் அம்மா என்றது அவன் மனைவி ஃபிலோமினாவை. முன் சீட்டு விருந்தாளிக்குத்தான், ஓசி கிடையாது என்று நான் சொன்னேன். அவன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னை வெளியே விரட்டினார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அவனைப் புதைக்கிற நாள் இன்று. மாலை கிபோஷோவில் அவன் வீட்டு வாழைத் தோப்பில் அடக்கம். என்னை எவ்வளவு சீக்கிரம் அனுப்ப முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பும்படி அஃபாண்டேவிடம் கேட்டிருக்கிறேன். எழுதி முடி, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

சம்பவ விவரம் வருமாறு. இன்றைக்கு விடுப்புக் கேட்டு நான் மேனேஜரிடம் போனேன். "ஜூலை மாசம்னு செத்தவனுக்குத் தெரியாதாப்பா?" என்றார். விருந்தாளிகள் குவிகிற மாதம், வண்டி ஓட்ட வேறு டிரைவர் ஒருவர்கூட மிச்சமில்லை என்றார். அதன் பிறகு நான் ஒரு யோசனை செய்தேன். எங்கள் டிரைவர்களில் ஒருவர் இறந்தால் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை ஆம்புலன்ஸில் ஏற்ற மாட்டோம். சஃபாரி வண்டியில் ஏற்றி, கூரையைத் தூக்கி விட்டு, முன்னால் இலைக்கொத்து கட்டி, ஊரின் நடுவில் உள்ள மணிக்கூண்டை ஹாரன் அடித்தபடி ஒரு சுற்று சுற்றிய பிறகே சொந்த ஊருக்குக் கொண்டு போவோம். கிமாரோவும் அப்படித்தான் போவான். மணிக்கூண்டில் மறித்துத் திட்டிவிட்டு, விருந்தாளிகளுடன் பூங்காவுக்குப் புறப்பட்டு விடலாம் என்று நினைத்தேன். அடக்கத்துக்குப் போக முடியாவிட்டாலும் கொடுத்த வாக்கு நிற்கும்.

இன்றைய விருந்தாளிகள் ஃபின்லாந்து நாட்டைச் சேர்ந்த கணவன் மனைவி. கணவர் பெயர் தவுனோ, மனைவி பெயர் ஐலா. நேற்று விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்ததிலிருந்து தவுனோ ஐயா "நன்றி" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. ஐலா அம்மா இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டார். காலையில் ஹோட்டலில் அவர்களை ஏற்றிக்கொண்டு, பூங்காவுக்குப் போகும் முன் ஊரைக் கொஞ்சம் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னேன். சுற்றுலாத் திட்டத்தில் இது கிடையாது. ஐலா அம்மா மிகவும் சந்தோஷப்பட்டு, எல்லாரும் இந்த ஊரில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மிருகத்தைப் பார்க்க ஓடி விடுகிறார்களே, ஊரைப் பார்ப்பதில்லையே என்று கேட்டார். அவர்களிடம் உண்மையையும் சொன்னேன். என் நண்பன் பெட்டியில் வருகிறான், அவனை நான் வைய வேண்டும், அதற்காக வண்டியைக் குறுக்கே போடுவேன், பயப்பட வேண்டாம் என்றேன். ஐலா அம்மா உடனே, "நான் என்ன செய்யட்டும்?" என்றார். வண்டியில் முகாம் சமையல் சாமான்கள் இருந்தன. பெரிய அலுமினியச் சட்டியின் மூடியையும் ஒரு கரண்டியையும் அவரிடம் கொடுத்து, நான் கை காட்டினால் தட்டுங்கள் என்றேன். சட்டியை நான் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். கேலிமுறைக்காரன் சாவுக்கு மனிதனைப் போல வரக் கூடாது, கோமாளியாக வர வேண்டும். சட்டி எனக்குக் கொஞ்சம் பெரியது. புருவம் வரைக்கும் இறங்கியது. இந்த வழக்குக்கு அது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

மணிக்கூண்டுப் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தோம். நல்ல குளிர், மேரு மலை மேகத்துக்குள் இருந்தது. வழக்கம் போலத் தெருவில் சஃபாரி விற்கும் தரகர்கள் வந்து மொய்த்தார்கள். ரஜபு என்கிற தரகர் என் விருந்தாளிகளிடம், இந்த வண்டியை விட நல்ல வண்டி தருகிறேன், டிரைவர் தலையில் சட்டி இருக்காது என்றார். நான் அவரைத் திட்டி அனுப்பினேன். அவருக்கும் எனக்கும் கேலிமுறை இல்லை, அது சாதாரணத் திட்டு.

அதன் பிறகு, ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒரு சஃபாரி வண்டி வந்தது. கூரை தூக்கியிருந்தது. முன்னால் இலைக்கொத்து. உள்ளே நீளமான பெட்டி, பெட்டியின் மேல் ஒரு தொப்பி. பின்னால், ஊருக்குள் பயணிகளை ஏற்றுகிற இரண்டு டலாடலா வேன்கள் நிறைய ஆட்கள். முன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே மணிக்கூண்டைச் சுற்றத் தொடங்கியது. அஃபாண்டே, நீங்களே சொல்லுங்கள், இதைப் பார்த்து எந்த டிரைவர் வேறு மாதிரி நினைப்பான்? நான் வண்டியைக் குறுக்கே போட்டேன். இறங்கி ஓடி, எதிர் வண்டியின் முன்பக்கத்தில் ஏறிப் படுத்தேன். கை காட்டினேன். ஐலா அம்மா மூடியைத் தட்டினார். சும்மா சொல்லக் கூடாது, தேவாலய மணி மாதிரித் தட்டினார்.

அதன் பிறகு நான் திட்டியது உண்மை. அஃபாண்டே கேட்டுக்கொண்டபடி சொல்கிறேன். "டேய் திருட்டுப் பயலே, யாருகிட்டயும் சொல்லாம நைஸா ஓடப் பாக்குறியா? டயர் மாத்த வாங்கிட்டுப் போன என் ஜாக்கியைத் திருப்பிக் குடுத்துட்டுப் போடா. உள்ள படுத்துக்கிட்டு சில்லறை எண்ணுறியா? இந்தா காசு போடுறேன், எந்திரிச்சு வா பாப்போம்" என்று சொல்லி, எழுந்து மேலே ஏறி, திறந்த கூரை வழியாக ஒரு நாணயத்தைப் பெட்டி மேல் போட்டேன். டங் என்று சத்தம் வந்தது. அதன் பிறகு பெட்டி மேல் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு, சாவு வசவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு வரி உண்டு, அதையும் சொன்னேன். "எங்கடா உன் ரெண்டாவது சம்சாரம்? அவளையும் ஊர்வலத்துல சேத்துக்கிட்டியா, இல்ல வீட்டுல பூட்டி வச்சுட்டு வந்துட்டியா?"

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. சக்காக்காரர்களாக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் இறங்கி, "வந்துட்டான்டா கஞ்சப் பரே, பொணத்துகிட்டயும் வட்டி கேக்க" என்று பதிலுக்குக் கிழித்திருப்பார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. கேலிமுறையில் பதில் வராவிட்டால் அது கேலி இல்லை, வெறும் வசவு. நான் மெதுவாகச் சட்டியை மேலே தூக்கிப் பார்த்தேன். பெட்டியின் தலைமாட்டில் சிலுவை இருந்தது. சிலுவையில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நன்யாரோ என்று எழுதியிருந்தது. மேரு இனத்துப் பெரியவர். மேரு ஆட்களோடு எங்களுக்கு எந்தக் கேலிமுறையும் கிடையாது.

பிறகு தெரிந்தது இது. நன்யாரோ ஐயா உயரமானவர், பெட்டி ஆம்புலன்ஸில் அடங்கவில்லை. அதனால் குடும்பத்தார் சஃபாரி வண்டியை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அதை ஓட்டி வந்த டிரைவர் சஃபாரி வண்டியில் பெட்டி என்றால் மணிக்கூண்டைச் சுற்றித்தான் பழக்கம் என்பதால், யோசிக்காமல் ஹாரன் அடித்துச் சுற்றிவிட்டார். குடும்பத்தாரும் இது ஏதோ நகராட்சி மரியாதை என்று நினைத்துக் கம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்த டிரைவரைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சுற்றியிருப்பேன்.

அதன் பிறகு பெரியவரின் மூத்த மகன் காட்லிசன் நன்யாரோ வண்டியிலிருந்து இறங்கி வந்தார். கோட்டு சூட்டு போட்டவர். என் சட்டையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. என் காதுப் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "தெங்கேருக்காரியப் பத்தி உனக்கு யாருடா சொன்னது?" என்றார். எனக்குத் தெங்கேருவில் யாரையும் தெரியாது, அந்த ஊரில் வாழைக்காய் வாங்கியதோடு சரி. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது வேனிலிருந்து கறுப்பு உடை போட்ட ஒரு பெண் இறங்கினார். குடையை விரித்தார். யாரையும் பார்க்காமல் சந்தைப் பக்கம் நடந்து போனார். அப்போது மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஊர்வலம் மொத்தமும் அந்தக் குடை திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது பெரியவரின் மனைவி முன் சீட்டிலிருந்து சத்தமாகச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. "விடுறா அந்த ஆளை. இத்தனை வருஷமா நான் கேக்க நெனச்சு நெனச்சு முழுங்குனதை, எங்கிருந்தோ ஒருத்தன் சட்டியைப் போட்டுக்கிட்டு வந்து நடுரோட்டுல கேட்டுட்டான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு." மகன் டீ வாங்கித் தரவில்லை. போக்குவரத்துக் காவலரைக் கூப்பிட்டார். காவலர் வந்து சட்டியின் காதைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனார். சட்டி கழலவில்லை. ஐலா அம்மாவுக்கு விஷயம் இன்னும் புரியாததால், நான் போகும்போதும் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற தரகர்கள் கை தட்டினார்கள். தொப்பியை நான் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது திருட்டில் சேராது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிலையத்துக்கு வந்த பிறகு, சவ ஊர்வலத்தை மறித்தது, தொப்பி எடுத்தது, இறந்தவரை அவமதித்தது என்று என் மேல் புகார் இருப்பதாக அஃபாண்டே தெக்லா சொன்னார். சட்டி போட்டதற்கும் ஏதாவது பிரிவு உண்டா என்று நான் கேட்டேன். இதுவரை இல்லை, இனிமேல் வரலாம் என்றார். எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. நன்யாரோ ஐயாவை எனக்குத் தெரியாது. அவர் நல்லவராக இருந்திருப்பார். என் ஜாக்கியை அவர் எடுக்கவில்லை. என் ஜாக்கியை எடுத்தது கிமாரோ.

விருந்தாளிகளை வேறு வண்டியில் அனுப்பி வைக்க மேனேஜர் ஆள் அனுப்பினார். ஐலா அம்மா போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நிலையத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த மண்டாசியும் டீயுமாகச் சாப்பிட்டுக்கொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொரு காவலரிடமும் என் நண்பன் கதையைச் சொல்லி வருகிறார். என் உரிமம் போய்விடும் என்று மேனேஜர் போனில் சொன்னார். எனக்கு அது பயம்தான். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் அஃபாண்டே, உண்மையைச் சொல்கிறேன், இங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நான் உரிமத்தை நினைக்கவில்லை. யாரோ ஒருவருக்குக் கிமாரோவின் வசவைக் கொடுத்துவிட்டேன். அவன் வசவில்லாமல் போகிறான். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

(இந்த இடத்தில் நிலையத்துக்கு வெளியே பல வண்டிகள் சேர்ந்தாற்போல் ஹாரன் அடித்ததால் எழுதுவது நிறுத்தப்பட்டது. எதிரி ஒரு காவலரின் காவலில் வெளியே அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பக் கொண்டு வரப்பட்டார். அதன் பின் தொடர்ந்து எழுதப்பட்டது. தெ.ம.)

வெளியே நடந்ததையும் சேர்த்துச் சொல்லும்படி அஃபாண்டே கேட்டதால் சொல்கிறேன். வந்தது கிமாரோவின் ஊர்வலம். மணிக்கூண்டை ஒரு சுற்று சுற்றி முடித்த பிறகும் யாரும் மறிக்கவில்லையாம். பரேக்காரர் வந்து திட்டாமல் வண்டி நகரக் கூடாது என்று ஃபிலோமினா அண்ணி சொல்லிவிட்டாராம். இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். போக்குவரத்தே நின்றுபோயிருக்கிறது. கடைசியில் தரகர் ரஜபு ஓடிப் போய், நீங்கள் தேடுகிற ஆளைச் சட்டியோடு பிடித்துப் போய்விட்டார்கள் என்று சொல்லி, தானே முன் வண்டியில் தொற்றிக்கொண்டு வழி காட்டியிருக்கிறார். அவரைக் காலையில் திட்டியதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

நான் வெளியே போனபோது நிலையத்து முற்றம் முழுக்க சஃபாரி வண்டிகள் நின்றன. நடுவில் உள்ள வண்டியில் கிமாரோவின் பெட்டி. பெட்டி மேல் அவன் பச்சைக் கம்பளிக் குல்லா. மழைக்கும் வெயிலுக்கும் அவன் கழற்றாத குல்லா. இந்த முறை சிலுவையில் உள்ள பெயரை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நான் பக்கத்தில் போனேன். என் இடுப்பு பெல்ட்டை ஒரு காவலர் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டியை ஐலா அம்மா கொண்டு வந்து என் தலையில் வைத்தார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

எனக்கு ஒரு வசவும் வரவில்லை. காலையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு அருவி மாதிரிக் கொட்டியது. இவனுக்கு வரவில்லை. பெட்டி சிறியதாக இருந்தது. இதற்குள் எப்படி இவனை அடைத்தார்கள் என்றுதான் தோன்றியது. நான் நின்றபடியே அழுதேன். என்னைப் பார்த்து ஃபிலோமினா அண்ணியும் அழத் தொடங்கினார். பிள்ளைகள் அழுதார்கள். அழுகையை நிறுத்த வந்த ஆள் நான், என்னால்தான் எல்லாரும் அழுதார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி முந்தானைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க பரேக்காரரே, வசவுலயுமா கஞ்சத்தனம்?" என்றார்.

யாரோ ஒருவர் சிரித்தார். எனக்கு வாய் திறந்தது. வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டேன். பெல்ட்டைப் பிடித்திருந்த காவலரும் கூடவே குனிய வேண்டியதாயிற்று. "டேய் காசுப் பிசாசே" என்று ஆரம்பித்தேன். ஜாக்கியைக் கேட்டேன். கோழிக்காலைக் கேட்டேன். சொர்க்கத்தில் நுழைவுக் கட்டணம் பேரம் பேசி வாசலில் வரிசையை நிறுத்தி வைக்காதே என்றேன். முற்றம் சிரித்தது. சக்காக்காரர்கள் பதிலுக்கு என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். "ஏன்டா பரே, பெட்ரோல் செலவாகும்னுதான போலீஸ் ஸ்டேஷனுக்கே பொணத்தை வரவழைச்சே" என்று அவன் தம்பி கேட்டதற்கு, ஆமாம் என்றேன். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதை நான் பார்த்தேன். அவனுக்காகப் பார்த்தேன்.

அதன் பிறகு கடைசியாக ஒன்று சொன்னேன். அது திட்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. "சிங்கம் இருக்கு வாடா வாடான்னு எத்தனை தடவைடா என்னை ஓட வச்சே. ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தேன், சிங்கம் இருக்காது, நீ இருப்ப. இன்னைக்கும் வந்துட்டேன்டா. நீயும் இல்லையேடா."

பிறகு அண்ணி குல்லாவை எடுத்து, சட்டியைக் கழற்றிவிட்டு, என் தலையில் போட்டார். நான் எழுந்து வழி விட்டேன். வண்டிகள் போகவில்லை. நீ வந்தால்தான் போவோம் என்று வெளியே இப்போதும் நிற்கிறார்கள். இதைச் சொல்லும்போதும் குல்லா என் தலையில்தான் இருக்கிறது. இதைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று அஃபாண்டேவிடம் கேட்டேன். அஃபாண்டே மூக்கைச் சிந்திவிட்டு, வேண்டாம் என்றார்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நன்யாரோ ஐயாவின் மனைவி அஃபாண்டேவுக்குப் போன் செய்தார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. அடக்கம் நல்லபடியாக முடிந்ததாம். புகாரைத் தன் மகன் திரும்பப் பெற்றுக்கொள்வான், கொள்ளாவிட்டால் அவனை வீட்டுக்குள் விட மாட்டேன் என்றார். தனக்கு ஒரு காலம் வந்தால் அந்தச் சட்டிக்காரரையே கூப்பிட வேண்டும், முறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார். தவுனோ ஐயா கதவருகில் வந்து நின்று இப்போது இரண்டாவது சொல்லைப் பேசினார். "போகலாம்" என்றார். பூங்காவுக்கா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டி, வெளியே பெட்டி இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். மேனேஜரிடம் அவர்களே பேசிக்கொள்வார்களாம்.

மேலே எழுதியவற்றை அஃபாண்டே வாசிக்க நான் கேட்டேன். சொன்னபடியே எழுதியிருக்கிறது. இதில் வசவுகள் நீங்கலாக மற்ற எல்லாம் உண்மை. கிமாரோ திருடன் இல்லை, பிசாசு இல்லை, அவனைப் போல ஒருவன் இனி எனக்குக் கிடைக்க மாட்டான். ஜாக்கி மட்டும் உண்மை.

(ஒப்பம்) எலியாமினி செங்கோண்டோ

என் முன்பாகக் கையெழுத்திட்டார். சொந்தப் பொறுப்பில் விடுவிக்கப்பட்டு, கிபோஷோ நோக்கி அனுப்பப்பட்டார். சட்டி ஒன்றும் மூடி ஒன்றும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டன.

(ஒப்பம்) தெக்லா மசுங்கா, சார்ஜென்ட்